பதில் சொல்லாத காது

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஆண்டவன் வாயை எதற்குக் கொடுத்தான் என்று அர்த்தநாரிக்கு விளங்கவே இல்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன நோவு என்று கேட்க மாட்டார்கள். தனக்கு என்ன நோவு என்றும் சொல்ல மாட்டார்கள். வந்ததும் வராததுமாக விரலைக் கொண்டுபோய்ப் பெட்டியின் மேல் வைப்பார்கள். பெட்டி உட்காரச் சொன்னால் உட்காருவார்கள், எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருப்பார்கள். திருச்செங்கோட்டுப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த ஸ்கேன் நிலையத்தில் பெருக்கித் தள்ளக்கூட ஒரு மனிதன் கிடையாது. சொந்த வயிறு வலிக்கிறதா இல்லையா என்பதைக்கூடப் பெட்டி சொன்னால்தான் ஒத்துக்கொள்வார்கள் போல என்று மகள் கவின்மொழியிடம் அவர் முணுமுணுத்தார். அவர் முணுமுணுப்பது ரிக் வண்டிக்காரன் முணுமுணுப்பு. தெருக்கோடி வரை கேட்கும். மெதுவாகப் பேசச் சொல்லி மகள் தொடையில் கிள்ளினாள். கிள்ளியது அவருக்குத் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் சரியாகத் தெரியாமல் போய் மாதக்கணக்காகியிருந்தது.

அவர் முறை வந்தது. இரண்டு கைத்தடிகளை ஊன்றிக் கதவின் முன்னால் போய் நின்றார். கதவு திறக்கவில்லை. குயில் மாதிரி ஒரு பெண் குரல் சொன்னது:

"மன்னிக்கவும். உங்கள் காது பதில் அளிக்கவில்லை. உங்களை உள்ளே அனுமதிக்க இயலாது."

அதுவரை தலை நிமிராத ஜனம் மொத்தமும் நிமிர்ந்து அவர் காதைப் பார்த்தது.

அந்தக் காதின் கதை இதுதான். நாற்பது வருடம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றவர் அர்த்தநாரி. ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று வண்டி போகாத சீமை இல்லை. தண்ணீர் வந்ததோ இல்லையோ, காது போனது. அவருக்கு மட்டுமில்லை, அவர் வண்டியில் இருந்த எல்லோருக்கும் போனது. கடைசியில் ரிக் முதலாளிகள் சேர்ந்து ஒரு முகாம் நடத்தி, வெளிநாட்டுக் கம்பெனிக் காதை வரிசையாக நிற்கவைத்துப் பொருத்திவிட்டார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் நாணயம் போல ஒரு வில்லை. அதற்குள் ஒரு காந்தம். வெளியே ஒரு பொத்தான். பொத்தானைத் தலையில் வைத்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும், சத்தம் உள்ளே போகும். வரிசையில் கடைசி ஆளாக நின்று, முன்னால் போன அத்தனை பேரிடமும் கேட்குதா கேட்குதா என்று விசாரித்த பிறகுதான் அர்த்தநாரி தலையைக் கொடுத்தார். அதுவும் வலது பக்கம் மட்டும். இடது பக்கம் ஏற்கெனவே செத்துப் போயிருந்தது.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அவருக்கு வைத்தியம் பார்த்த சேலத்து டாக்டர் சொன்ன விவரம் இவ்வளவுதான்: ஸ்கேன் எந்திரம் என்பதே ஒரு பெரிய காந்தக் குழாய். உடம்புக்குள் உலோகம் இருக்கிறவனை அதற்குள் சும்மா அனுப்ப முடியாது. அதனால் எந்திரம் முதலில் உள்ளே இருக்கும் உலோகத்தைக் கூப்பிட்டு, நீ யார், உன்னால் ஆபத்து உண்டா என்று கேட்கும். உலோகம் தன் கம்பெனியைக் கேட்டுப் பதில் சொல்லும். கம்பெனியே இல்லாத காது யாரைக் கேட்டுச் சொல்லும்? பதில் வராவிட்டால் எந்த ஊரிலும் எந்தக் கதவும் திறக்காது.

முதுகெலும்பில் எங்கேயோ நரம்பு நசுங்குகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். எந்த இடத்தில் நசுங்குகிறது என்று படம் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார் டாக்டர். விட்டால் கால் இரண்டும் போகும், பிறகு படுக்கைதான். ஒரே வழி, காதுக்குள் இருப்பதை அறுத்து எடுத்துவிட்டு ஸ்கேன் செய்வது. எடுத்தால் இந்த வயதில் வேறு காது வைக்க உள்ளே வழி இருக்காது.

"காதப் புடுங்கிட்டுக் காலக் குடுப்பீங்களாக்கும்" என்றார் அர்த்தநாரி. "எனக்கு ரெண்டும் வேணுமுங்க."

எல்லோருக்கும் அப்படித்தான் வேணும் என்று டாக்டர் சிரித்தார். அர்த்தநாரி சிரிக்கவில்லை. பூட்டிய கதவை வைத்துக்கொண்டு பேசாதீர்கள், சாவி போட்டுத் திறக்கிற எந்திரம் எங்காவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். அந்தச் சேலத்து ஆஸ்பத்திரியின் பழைய கட்டிடத்தில் ஒன்று இருந்தது. அது எதையும் கூப்பிட்டுக் கேட்காது. அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் மெஹருன்னிசா. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய்.

அவள் முடியாது என்றுதான் முதலில் சொன்னாள். இந்த வேலையில் ஒரு முறை அவசரப்பட்டுத் தலையசைத்தால் போதும், ஆயுசுக்கும் தூக்கம் வராது என்றாள். அர்த்தநாரிக்கு அவளைப் பிடித்துப்போனது. எடுத்த எடுப்பில் சரி என்று சொல்கிறவர்களை அவர் நம்புவதில்லை.

"குழிக்குள்ள மோட்டார எறக்கறதுக்கு முன்னால நாங்க டம்மி விடுவமுங்க" என்றார். "மோட்டாரு பருமனுக்கு ஒரு இரும்புக் குண்டு. அது சிக்காமப் போயிட்டு வந்தாத்தான் மோட்டாரு. எவன் எத்தன சொன்னாலும் டம்மி போகாத குழிக்குள்ள நான் மோட்டார விட்டதில்ல. என்ற காதாட்டவே அதே கம்பெனிக் காது இன்னொண்ணு கொண்டாறன். மொதல்ல அத உள்ள விடுங்க."

மெஹருன்னிசா ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றாள்.

அவர் வண்டியில் ராடு மாட்டிக்கொண்டிருந்த மாதேசு போன வருடம் செத்துப்போயிருந்தான். மின்மயானத்தில் எரித்து, மறுநாள் எலும்பு பொறுக்கும்போது சாம்பலுக்குள் அந்த வில்லை கிடைத்திருந்தது. அப்பன் கேட்ட காது என்று மகன் அதை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் ஒரு பூ. மாதேசின் பெண்டாட்டி ராஜாமணி மறுப்பே சொல்லவில்லை. உங்க காலுக்கு ஆகும்னா எடுத்துட்டுப் போங்கண்ணா, அவருக்கும் சந்தோசமா இருக்கும் என்று முடிச்சோடு கையில் கொடுத்தாள்.

வில்லையை நூலில் கட்டி எந்திரத்தின் வாயில் தொங்கவிட்டார்கள். அசையவில்லை. உள்ளே நீட்டினார்கள். இறந்துபோன பல்லி மாதிரி தொங்கியது. அர்த்தநாரி தன் வாழ்நாளில் எதையும் அவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை. கண்ணால் பார்த்துவிட்டாரல்லவா. எப்போது படுக்க வேண்டும் என்று அங்கேயே சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

மெஹருன்னிசா அவரை வெளியே அறைக்கு அழைத்து வந்தாள். தன் கொண்டையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி மாதேசின் வில்லையில் வைத்தாள். ஊசி வழுக்கிக் கீழே விழுந்தது. அதை எடுத்து, அர்த்தநாரியின் காதுப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காதுக்குப் பின்னால் கொண்டு போனாள். டக்கென்று தோலோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியைக் காட்டினாள். பிறகு பொத்தானை வைத்துவிட்டு, சலிப்பில்லாமல் சொன்னாள்.

"எரிச்சுட்டாங்கய்யா. தீயில காந்தம் உதிர்ந்து சாம்பலோட போயிடுச்சு. நீங்க கொண்டுவந்தது வெறும் மூடி. மூடிய வெச்சு உங்களை உள்ள படுக்க வெச்சிருந்தா அந்த ஊசி ஒட்டின வேகத்தைப் போல பல மடங்கு வேகத்துல வில்லை திரும்பியிருக்கும். தோலைக் கிழிச்சுட்டே திரும்பும்."

தான் விட்ட டம்மியே பொய் என்பது அர்த்தநாரிக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அந்த வீட்டில் சாமி அலமாரியில் இத்தனை நாளும் பூ வைத்தது ஒரு மூடிக்கு. அதை ராஜாமணியிடம் சொல்ல வேண்டாம் என்று மகளிடம் சொன்னார். முடிச்சை முன்பு இருந்தபடியே கட்டித் திருப்பிக் கொடுத்தார். காலோ நாளுக்கு நாள் கனத்தது. வீட்டு வாசற்படி ஏற மகள் இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. எடுத்துவிடலாமே அப்பா, காது இல்லாவிட்டால் என்ன, நான் எழுதிக் காட்டுகிறேன் என்று அவள் ஒரு நாள் அழுதாள். நீ எழுதுவாய், நான் படிக்க வேண்டுமே என்றார் அர்த்தநாரி. அவர் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை.

எரியாத காது ஒன்று இருந்தது. அது யாரிடம் என்று அவருக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் அந்த வாசலை மிதிக்காமல் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். இப்போது வேறு வழி இல்லை.

செம்மலை அதே வண்டியில் குழாய் இறக்கிய ஆள். எத்தனை எடையுள்ள இரும்புக் குழாயும் அவன் போட்ட முடிச்சை விட்டு நழுவியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் தலையில் ஏதோ கட்டி என்று சந்தேகப்பட்டு, இதே போலக் கதவு திறக்காமல் போய், காதை அறுத்து எடுத்துவிட்டு ஸ்கேன் செய்தார்கள். கட்டி ஒன்றும் இல்லை. காதும் இல்லை. அன்றிலிருந்து சங்ககிரி பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு யாரோடும் பேசாமல் கிடந்தான்.

ரிக் வண்டியில் கம்ப்ரசர் ஓடும்போது யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. வேலை முழுக்கக் கைச்சாடையில்தான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. விரலைச் சுழற்றினால் சுற்று. முட்டியை மூடினால் பிடித்துக்கொண்டது, இனி நழுவாது. அர்த்தநாரி ஆட்டுப்பட்டி வேலியோரம் நின்று, மறந்துபோன அந்தச் சாடைகளையும் வாயையும் சேர்த்துத் தன் சங்கதியைச் சொல்லி முடித்தார். செம்மலை அவர் வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவன் பேச்சு ஏறியும் இறங்கியும் வந்தது.

"வெச்சிருக்கறன். பாட்டில்ல போட்டுக் குடுத்தாங்க" என்றான். "நீ கேக்கறது எனக்குப் புரியுது பங்காளி. அது உள்ள போயித் தோலக் கிழிச்சுதுன்னா உனக்குக் காலு போச்சு. கிழிக்கலீன்னா?"

 அர்த்தநாரியை இவ்வளவு நாளும் அந்த வாசலுக்கு வரவிடாமல் தடுத்ததே அந்தக் கேள்விதான்.

"கிழிக்கலீன்னா என்ற காதச் சும்மா புடுங்கிப் போட்டாங்கன்னு ஆவுது" என்றான் செம்மலை. "இத்தன நாளும், போனது போச்சு, உசுருக்காவத்தான் போச்சுன்னு சொல்லி மனசத் தேத்தி வெச்சிருக்கறன். நீ வந்து அதையும் புடுங்கறே."

"ஆமா" என்றார் அர்த்தநாரி. வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது.

ஒரு கிடா வேலியை முட்டியது. செம்மலை அதன் கொம்பைப் பிடித்துத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் போனான். வெகுநேரம் வரவில்லை. கவின்மொழி, போகலாம் அப்பா என்று கையைப் பிடித்தாள். அவர் தடிகளை மண்ணில் இன்னும் ஆழமாக ஊன்றி நின்றார். கால் நடுங்கி மடங்கியபோதும் உட்காரவில்லை. செம்மலை வந்தபோது வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கையில் பாட்டில் இருந்தது.

"உன்னோட நானும் வாரன்" என்றான். "என்ற காது எங்க போகுதுன்னு நான் பாக்கோணும்."

மெஹருன்னிசா இந்த முறை கொண்டை ஊசியை முதலிலேயே வைத்துப் பார்த்தாள். ஒட்டியது. மட்டை உரிக்காத தேங்காயில் ஒரு குழி செதுக்கி அதில் வில்லையைப் பதித்து, கறிக்கடையிலிருந்து வாங்கிவந்த ஆட்டுத்தோலை மேலே போட்டுத் தைத்தாள். தலைக்கு அதுதான் கிட்டத்தட்டச் சரியாக வரும் என்றாள். டாக்டரும் வந்து கைகட்டி நின்றார். தேங்காய் உள்ளே போனது. வெளியே வந்தபோது தோல் ஒரு பக்கம் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே வில்லை புரண்டு விளிம்பில் செங்குத்தாக நின்றது.

டாக்டர் உச்சுக்கொட்டினார். மெஹருன்னிசா அசரவில்லை. இறுக்கிக் கட்டினால் நிற்கலாம் என்று ஒரு பிளாஸ்டிக் தகட்டை மேலே வைத்துத் துணியால் சுற்றினாள். ஓரத்தில் நின்ற செம்மலை சட்டென்று வந்து அவள் கையை விலக்கினான். இந்தக் கட்டெல்லாம் கட்டா என்பது போல அவளைப் பார்த்துவிட்டு, சுற்றிய துணியை மொத்தமும் அவிழ்த்தான். குழாய் இறக்குவதற்குக் கட்டுவது போல ஒரு சுற்று மேலே, ஒரு சுற்று குறுக்கே, இழுக்க இழுக்க இறுகும்படி கட்டினான். மெஹருன்னிசா வேறு ஏலக்காய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

தேங்காய் மறுபடி போனது. நேராக, சாய்த்து, மெதுவாக, வேகமாக, அவளுக்கே அலுக்கும் வரை விட்டு விட்டு எடுத்தாள். ஒவ்வொரு முறையும் கட்டை அவிழ்த்து, சூடு இருக்கிறதா என்று தொட்டு, ஊசி ஒட்டுகிறதா என்று பார்த்து நோட்டில் குறித்தாள். சூடு இல்லை. ஊசி ஒட்டியது. வில்லை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் நின்ற செம்மலைக்கு ஒன்றும் கேட்காது. என்ன ஆச்சு என்று தலையை ஆட்டிக் கேட்டான். பொய் சொல்லிவிடலாமா என்று அர்த்தநாரிக்கு ஒரு கணம் தோன்றியது. கையைத் தூக்கி முட்டியை மூடினார். பிடித்துக்கொண்டது, நழுவாது.

செம்மலை அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். மெஹருன்னிசா அவன் பக்கத்தில் போய் அவன் முதுகில் கை வைக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். பிறகு அவன் துணிச்சுருளை எடுத்துக்கொண்டு அர்த்தநாரியிடம் வந்தான்.

"தலையக் காட்டு" என்றான். "இறுக்கிக் கட்டுவன். வலிக்கும். வலிச்சா அழு, நான் பாத்துக்கறன், எனக்குக் கேக்காது."

பொத்தானைக் கழற்றியதும் அர்த்தநாரிக்கும் உலகம் அடங்கிப்போனது. இரண்டு செவிட்டுக் கிழவர்கள் எதிரெதிரே நின்று, கம்ப்ரசர் பக்கத்தில் நின்ற காலம் போல, இறுக்கு, போதும், இன்னும் என்று கையால் பேசிக்கொண்டார்கள். செம்மலை உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினான். இறக்கு. பலகை அவரைக் குழாய்க்குள் கொண்டு போனது.

உள்ளே காதுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து நெம்பினார்கள். நெம்பினது நின்றது. மறுபடி நெம்பினார்கள். மண்டை பிளக்கும் போலிருந்தது. எந்திரம் போடும் சத்தம் எலும்பு வழியே அதிர்வாக ஏறியது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பாறையில் துளையிடும் பிட்டு சிக்கிக்கொண்டால் வண்டியை எப்படிப் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொள்வாரோ அப்படிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். காது வேணும், கால் வேணும், காது வேணும், கால் வேணும் என்பதைத் தவிர வேறு ஒன்றையும் அவர் நினைக்கவில்லை. வெளியே வந்து கட்டை அவிழ்த்தபோது காதுக்குப் பின்னால் தோல் கருவட்டமாகக் கன்றியிருந்தது. மெஹருன்னிசா ஊசியை வைத்தாள். ஒட்டியது. பொத்தானை வைத்தாள்.

"கேக்குதுங்களா அய்யா?"

"கத்தாதீங்க" என்றார் அர்த்தநாரி.

படத்தில் நசுங்கிய இடம் தெளிவாகத் தெரிந்தது. அறுவை நடந்தது. மழைக்காலம் வந்தபோது அவர் ஒரு தடியை விட்டார், தை பிறந்ததும் மற்றதையும் விட்டார். மறுபரிசோதனைக்குச் சேலத்துக்குப் பேருந்தேறி வந்தபோது மகளைக்கூட அழைத்து வரவில்லை.

மெஹருன்னிசாவின் அறையில் ஒரு இளம்பெண் காத்திருந்தாள். பெயர் நேத்ரா. ஸ்கேன் நிலையங்களையெல்லாம் இணைக்கும் மைய அலுவலகத்தில் வேலை. அவரைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டாள். உங்களால் ஒரு பெரிய நல்லது நடந்திருக்கிறது ஐயா என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் சொன்னாள். இங்கே எடுத்த அளவுகளை வைத்து மையத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பெனிக் காது வைத்தவர்கள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் கதவு திறக்காமல் கிடக்கிறார்கள். இனி எந்தக் கதவும் மூடாது. எந்திரம் கூப்பிடும்போது, அந்தக் காதுகளின் சார்பில் மையமே, ஆபத்தில்லை என்று பதில் சொல்லிவிடும்.

"என்ற காது பேசலீங்களே அம்மிணி. அதும் பேர்ல நீங்க பேசறீங்க" என்றார் அர்த்தநாரி.

அப்படித்தான், அதுதான் ஏற்பாடு என்று அவள் மகிழ்ச்சியாகத் தலையாட்டினாள்.

"கட்டறது ஆரு?"

நேத்ரா மெஹருன்னிசாவைப் பார்த்தாள். மெஹருன்னிசா சன்னலைப் பார்த்தாள். நிலையங்களில் ஆள் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். மெத்தென்ற ஒரு தலைப்பட்டை வைத்திருக்கிறோம், அவரவரே மாட்டிக்கொள்ளலாம் என்றாள் நேத்ரா. கட்டில்லாமல் போனால்கூட வில்லை கிழிக்க வாய்ப்பு ரொம்பச் சின்னது, கணக்கில் வந்துவிட்டது என்றாள்.

"சின்னதுன்னா எத்தன தலைங்க?"

அவளுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை. "நீங்க கேக்கறது நியாயம்தான் ஐயா. ஆனா திறக்காத கதவுக்கு வெளியில எத்தனை பேர் படுத்த படுக்கையா கிடக்கறாங்கன்னு நானும் கணக்குப் பாத்தேன். எங்கப்பா அதுல ஒருத்தர். ஊர் ஊருக்கு ஒரு செம்மலை ஐயாவ நான் எங்க போய்த் தேடறது?"

 கதவுக்கு வெளியே நின்ற வலி அர்த்தநாரிக்குத் தெரியாததல்ல. அவள் சொல்வதில் பொய் இருப்பதாகவும் தோன்றவில்லை. நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தாள். அதற்காக அவர் மனம் இறங்கி வரவும் இல்லை.

"ஒரு தேங்கா, ஒரு தலை. அவ்வளவுதான் நாங்க பாத்தது. அதுக்கு மேல எங்க பேரச் சொல்லாதீங்க" என்றார். "உங்கப்பன அந்தக் கதவுக்குள்ள விடாதீங்க. இங்க கூட்டிட்டு வாங்க. செம்மலைய வந்து கட்டச் சொல்றன்."

மெஹருன்னிசாவிடம் தலையசைத்துவிட்டு வெளியே வந்தார். நேத்ரா தாழ்வாரத்தில் பின்னாலேயே வந்து, எத்தனை லட்சம் தடவை கணினியில் சோதித்துப் பார்த்த கணக்கு அது என்று இன்னொரு முறை விளக்கிச் சொன்னாள். லிப்ட் இருக்கிறது ஐயா, அதில் போங்கள் என்றும் சொன்னாள். எல்லாமே காதில் விழுந்தது, ஒரு சொல் பாக்கியில்லாமல் விழுந்தது. நம்பிக்கைதான் வரவில்லை. அர்த்தநாரி படியில் காலை எடுத்து வைத்து, கைப்பிடியைத் தொடாமல், இறங்கிப் போனார்.